மேஜை மேல நிக்கிற உங்க ஆளு: மினியேச்சர் கேள்வி பதில்

போன இதழ்ல டேபிள்டாப் ரோல்பிளேயிங் பத்தி எழுதினேன்ல, நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா மாறி, ஒருத்தர் டன்ஜன் மாஸ்டரா இருந்து கதை சொல்ல, பகடை உருட்டி விளையாடுறது. அதுக்கு வந்த கேள்விகள்ல நிறைய, கேரக்டருக்கு மினி, அதாவது மேஜை மேல வைக்கிற குட்டி உருவம், எங்க கிடைக்கும், கிடைச்சதை எப்படி நம்ம ஆளா மாத்துறதுங்கிறதுதான். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா, என் கேரக்டர் ஒரு ஹாஃப்-ஓர்க் பொண்ணு, அதாவது பாதி மனுஷி பாதி அரக்கி, கிளெரிக், அதாவது பூசாரி மாதிரி, வயசானவ, ஒரு பக்கக் கோரைப்பல் உடைஞ்சிருக்கும், இடது கையில கேடயம், வலது கையில லாந்தர் விளக்கு. மூணு வாரமா தேடுறேன், கண்ணுல படுறது எல்லாம் கோடாலி தூக்குன வாலிபப் பசங்க. எங்க போய்த் தேடுறது? (கோயம்புத்தூர்)

முதல்ல ஒரு பேப்பர் எடுத்து, அவளை மேஜைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா எந்த மூணு விஷயம் தெரியணும்னு எழுதுங்க. கேரக்டர் ஷீட்ல இருபது விவரம் இருக்கலாம் ஆனா மினி மூணு சென்டிமீட்டர் உயரம், கூட விளையாடுறவங்க பார்க்குறது ரெண்டு மூணு அடி தள்ளி இருந்து. அவங்க கண்ணுக்கு முதல்ல படுறது உருவத்தோட வெளிக்கோடு, அதாவது ஆளு குண்டா ஒல்லியா, குனிஞ்சு நிக்கிறாளா, கையில என்ன நீட்டிக்கிட்டு இருக்கு. உங்க ஆளுக்கு அது கனமான உடம்பு, கேடயம், ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். கோரைப்பல் உடைஞ்சதை நீங்களே பிளேடால ஒரு சின்ன வெட்டு வெட்டிப் பண்ணிக்கலாம், சுருக்கமும் நரைச்ச முடியும் பெயிண்ட்ல வந்துடும்.

தேடுறப்போ ஹீரோக்கள் பகுதியிலேயே சுத்தாதீங்க. வயசான பொம்பளைங்க எல்லாம் ஊர்மக்கள், வியாபாரிங்க, சூனியக்காரிங்கன்னு போட்டிருக்கிற பகுதியிலதான் இருப்பாங்க, இது எனக்குத் தெரியவே ரொம்ப நாள் ஆச்சு. டெக்சாஸ்ல டென்டன் ஊர்ல இருக்கிற ரீப்பர் கம்பெனியோட கேட்டலாக் இதுக்கு ஒரு புதையல், 2012ல அவங்க போன்ஸ்னு பிளாஸ்டிக் மினிகளுக்காக கிக்ஸ்டார்ட்டர்ங்கிற கூட்டு நிதி வெப்சைட்ல 34 லட்சம் டாலருக்கு மேல திரட்டினாங்க, அதுக்கப்புறம் உலோகத்துல மட்டும் கிடைச்ச பல உருவங்கள் பிளாஸ்டிக்ல மலிவா வர ஆரம்பிச்சது. விஸ்கிட்ஸோட நோல்ஸர்ஸ் வரிசையில பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தின அடிப்பூச்சு, அடிச்சே வரும், பல பாக்கெட்ல ஒரே கேரக்டர் ஆரம்ப லெவல்ல ஒண்ணு, பெரியாளானப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு உருவம் இருக்கும், நீண்ட கேம்பெயின், அதாவது மாசக்கணக்குல தொடர்ற கதை, ஆடுறவங்களுக்கு அது அருமையான விஷயம். எதுவுமே ஒத்துவரலைன்னா ஹீரோ ஃபோர்ஜ் வெப்சைட். 2014ல கிக்ஸ்டார்ட்டர்ல ஆரம்பிச்சது, பிரவுசர்லயே முகம், உடம்பு, உடை, ஆயுதம்னு நாமளே கோர்த்து 3டி பிரிண்டா வாங்கலாம், இல்ல ஃபைலா வாங்கி உள்ளூர்ல பிரிண்ட் போடலாம். ஆனா ஒண்ணு சொல்லணும், எல்லாத்தையும் ஸ்கிரீன்லயே முடிச்சு வாங்கின மினியை விட, எண்பது சதவீதம் பொருந்துற ஒண்ணை வாங்கி மிச்சத்தை நம்ம கையால முடிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கும். லாந்தருக்கு ஒரு சின்ன கண்ணாடி மணியும் மெல்லிசு கம்பியும் போதும். அந்த மணிக்குள்ள ஒரு பொட்டு மஞ்சள் விட்டு, கேடயத்தோட உள்பக்கமும் முகத்தோட ஒரு பக்கமும் லேசா மஞ்சள் தொட்டு விடுங்க, விளக்கு எரியுற மாதிரியே இருக்கும்.

கேள்வி: 28 எம்எம், 32 எம்எம், ஹீரோயிக்னு போடுறாங்க. எது வாங்கணும்? (திருச்சி)

28 எம்எம்னா மனுஷ உருவத்தோட பாதத்துல இருந்து கண்ணு வரைக்கும் இருக்கிற உயரம், உச்சந்தலை வரைக்கும்னு சில கம்பெனி அளக்கும், அதனாலதான் ஒரே நம்பர் போட்ட ரெண்டு மினி பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. ஹீரோயிக்னா தலை, கை, ஆயுதம் எல்லாம் கொஞ்சம் பெருசா செஞ்சிருப்பாங்க, தூரத்துல இருந்து தெரியுறதுக்காக. டி அண்ட் டிக்கு, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமுக்கு, ரெண்டுமே ஓகே. நீங்க பார்க்க வேண்டியது பேஸ்தான், அதாவது மினி நிக்கிற அடித்தட்டு, மேப்ல ஒரு கட்டம் ஒரு இஞ்ச், அது கதையில அஞ்சு அடி, மனுஷ சைஸ் ஆளுக்கு 25 எம்எம் பேஸ், குதிரை, ஓகர்ங்கிற ராட்சசன் மாதிரி பெருசுக்கு 50. ஹாபி கடையில கிடைக்கிற 1/72 சோல்ஜர்ஸ் செட்டை மட்டும் இதோட கலக்காதீங்க, அது ரொம்பக் குட்டி, நம்ம ஹீரோ பக்கத்துல குழந்தை மாதிரி நிக்கும். கோப்ளின்ங்கிற குட்டி அரக்கனுக்கு வேணா வச்சுக்கலாம்.

கேள்வி: அக்கா நான் மங்க் கிளாஸ், அதாவது தற்காப்புக் கலை தெரிஞ்ச துறவி வகை, ஆனா என் ஆளு காவி டிரெஸ் போட்ட சைனீஸ் துறவி இல்ல, சிலம்பம் ஆடுற ஒரு கிராமத்து வாத்தியார், மடிச்சுக் கட்டின வேட்டி, தலையில துண்டு, வெறும் உடம்பு. இப்படி மினி இந்த உலகத்துலயே இல்லபோல. கையால பண்ண முடியுமா? (தஞ்சாவூர்)

முடியும், இந்தக் கடிதம் வந்த அன்னைக்கே உக்காந்து ஒண்ணு பண்ணிப் பார்த்துட்டேன், அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. பண்ணின வரிசையிலேயே சொல்றேன்.

ஆளுக்கு வெறும் உடம்போட கைய விரிச்சு நிக்கிற காட்டுவாசி டைப் மினி, பார்பேரியன்ல நிறைய கிடைக்கும், ரொம்ப சதை போட்டதை விட்டுட்டு கொஞ்சம் ஒல்லியானதா எடுங்க. கையில இருக்கிற ஆயுதத்தை கட் பண்ணிடுங்க, கட்டரோட தட்டைப் பக்கம் கையைப் பார்த்து இருக்கணும், அப்போதான் விரல் நசுங்காது. இடுப்புல இருக்கிற தோல், பை, கத்தி உறை எல்லாத்தையும் பிளேடால சீவி எடுங்க, மொழுமொழுன்னு இருக்கணும்னு இல்ல, மேல துணி வரப்போகுது.

வேட்டிக்கு ரெண்டு வழி. ஒண்ணு புட்டி. வெளிநாட்டுல எல்லாரும் கிரீன் ஸ்டஃப்னு நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகுற எபாக்ஸி புட்டி யூஸ் பண்றாங்க, நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில எம்-சீல் இருக்கு, அதுவும் ரெண்டு பாகத்தைப் பிசையுறதுதான், ஆனா சீக்கிரம் இறுகிடும், கிரீன் ஸ்டஃப் மாதிரி இழுவையா இருக்காது, அதனால கல்லு, கவசம், பேஸ் இதுக்கு எம்-சீல் நல்லா வரும், மெல்லிசு மடிப்புக்கு கிரீன் ஸ்டஃப்தான் கேக்கும். ரெண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிச்சது, டிஷ்யூ பேப்பர். ரெண்டு மூணு அடுக்கா இருக்கிறதைப் பிரிச்சு ஒரே ஒரு அடுக்கை எடுத்து, ஃபெவிகால்ல தண்ணி கலந்து அதுல நனைச்சு, இடுப்பைச் சுத்தி நிஜ வேட்டி கட்டுற மாதிரியே கட்டி, கீழ் நுனியை ட்வீசரால தூக்கி இடுப்புல மடிச்சு சொருகுங்க. நிஜத் துணி எங்க மடியுமோ அங்கேயே அதுவும் மடியும், சிற்பி கை தேவையில்ல. ஈரம் காயுற வரைக்கும் தொடாதீங்க, காஞ்சதும் மேல இன்னொரு கோட் ஃபெவிகால் தண்ணி, அதுக்கப்புறம் பிரைமர். தலைத் துண்டுக்கும் அதே பேப்பரை முறுக்கிச் சுத்திடலாம்.

சிலம்பக் கம்புக்கு தென்னை ஈர்க்குச்சியோட மெல்லிசு நுனி போதும். அந்தத் தடிமன் இந்த ஸ்கேல்ல நிஜக் கம்பு மாதிரியே இருக்கு, லேசா வளைஞ்சும் கொடுக்கும். கம்பு நெத்தி உயரத்துக்கு இருக்கணும்னு ஆடுறவங்க சொல்லுவாங்க, அதனால 28 எம்எம் ஆளுக்கு 30 எம்எம் கிட்ட வெட்டுங்க. அடிக்கடி பையில தூக்கிட்டுப் போவீங்கன்னா ஈர்க்குச்சிக்குப் பதிலா பித்தளைக் கம்பி போடுங்க. முஷ்டியில கையால சுத்துற சின்ன டிரில்லால ஓட்டை போட்டு உள்ள விட்டு ஒட்டினா நிக்கும், மேலோட்டமா ஒட்டினா ரெண்டே கேம்ல கழண்டுடும்.

கேள்வி: ஆன்லைன்ல வாங்கின மினியோட வாள் வாழை இலை மாதிரி வளைஞ்சு வந்திருக்கு. நிமித்துனா மறுபடி வளையுது. அப்புறம் எந்த கம் எதுக்கு? (சிங்கப்பூர்)

மெத்து மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக்னா வெந்நீர்தான் வைத்தியம். நல்லா சூடான தண்ணியில அந்த வாளை மட்டும் அரை நிமிஷம் முக்கி, எடுத்து விரலால நேராக்கி, பிடிச்ச பிடியிலேயே ஐஸ் தண்ணியில விட்டுடுங்க, அந்த வடிவத்தை ஞாபகம் வச்சுக்கும். இதே டெக்னிக்ல கையைக் கொஞ்சம் தூக்கலாம், தலையைத் திருப்பலாம், போஸையே மாத்தலாம். கெட்டியான பிளாஸ்டிக், ரெசின் இதுல முயற்சி பண்றதுன்னா ரொம்ப நிதானமா, படக்குன்னு உடையும்.

கம் விஷயத்துல நிறைய பேர் காசு வீணாக்குறாங்க. பிளாஸ்டிக் சிமெண்ட்னு விக்கிறது கெட்டியான பாலிஸ்டைரீனை மட்டும்தான் உருக்கி ஒட்டும், மெத்து பிளாஸ்டிக், ரெசின், உலோகம் எதுலயும் வேலை செய்யாது. அதுக்கெல்லாம் ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ. உலோகக் கை கனமா இருந்தா க்ளூவை மட்டும் நம்பாம, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு நடுவுல ஒரு பேப்பர் கிளிப் துண்டை ஆணி மாதிரி விட்டு ஒட்டுங்க.

கெட்டி பிளாஸ்டிக் சிமெண்ட் வச்சிருக்கீங்கன்னா அதுக்கு ஏத்த விருந்து ஃப்ராஸ்ட்கிரேவ்ங்கிற கேமோட சோல்ஜர்ஸ் பெட்டி, ஒரு பெட்டியில 20 உடம்பு, அதைவிட அதிகமா தலை, கை, ஆயுதம், பை எல்லாம் தனித்தனியா. கிட்பாஷ் பண்ணணும்னா, அதாவது இதோட தலை அதோட உடம்புல ஏத்துறதுக்கு, இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியல, மிஞ்சுற கைகால் எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வைங்க, வருஷக் கணக்குல உதவும்.

கேள்வி: என் கேரக்டர் நல்ல கருப்பு நிறம். நான் பெயிண்ட் பண்ணா ஒண்ணு பிரவுன் பொம்மை மாதிரி தட்டையா இருக்கு, இல்ல சாம்பல் பூசின மாதிரி வெளிறிப் போகுது. வீட்ல இருக்கிறது ஃபெவிக்ரில், கேம்லின் அக்ரிலிக் மட்டும்தான். (மதுரை)

இது எனக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி. பெயிண்டிங் சொல்லித்தர வீடியோக்கள் நிறைய வெள்ளைத் தோலை வச்சே சொல்லிக் கொடுக்குது, அதைப் பார்த்துட்டு நாமளும் ஹைலைட்டுக்கு வெள்ளையைக் கலந்துடுறோம். தப்பு அங்கதான். கருப்புத் தோல்ல வெள்ளை கலந்தா சாம்பல்தான் வரும். நம்ம வீட்டுப் பெரியவங்க வெயில்ல நிக்கிறப்போ கன்னத்து மேட்டைப் பாருங்க, அங்க தெரியுறது வெள்ளை இல்ல, செம்பு மாதிரி ஒரு மினுக்கு.

அடி நிறத்துக்கு பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும். நிழலுக்கு கருப்பைச் சேர்க்காம அதே கலவையில அல்ட்ராமரைன் நீலத்தை ஊசி நுனி அளவு சேருங்க, ஆழமா, உயிரோட இருக்கும். தண்ணியா கரைச்சு கண்ணுக்குழி, மூக்கோரம், விரலிடுக்குல ஓட விடுங்க. ஹைலைட்டுக்கு சியன்னாவைக் கூட்டி, அப்புறம் யெல்லோ ஓக்கர், நெத்தி, மூக்கு நுனி, கன்னம், தோள் மேல மட்டும். உள்ளங்கையை கொஞ்சம் வெளிர் நிறமா விடுங்க, உதட்டுக்கு பிரவுன்ல துளி சிவப்பு. கண்ணுல சுத்த வெள்ளை வேண்டாம், தந்த நிறம் போதும்.

நீங்க சொன்ன பெயிண்டே போதும், வலேஹோ, சிட்டாடெல் எல்லாம் மினிக்குன்னே செஞ்சது, நிறமி பொடிப்பொடியா இருக்கும், சீக்கிரம் மூடும், அதான் வித்தியாசம். நம்மது கெட்டியா இருக்கிறதால தண்ணி விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டு வந்து ஒரு கோட்டுக்குப் பதிலா மூணு கோட் போடுங்க, ஒவ்வொண்ணும் காஞ்சதும் அடுத்தது. நம்ம வெயிலுக்கு தட்டுல இருக்கிற பெயிண்ட் அஞ்சு நிமிஷத்துல காஞ்சுடும்ல, அதுக்கு ஒரு டிபன் பாக்ஸ்ல ஈர டிஷ்யூ விரிச்சு மேல பட்டர் பேப்பர் போட்டு அது மேல பெயிண்டைக் கலந்துக்குங்க, மூடி வச்சா மறுநாள் வரைக்கும் இருக்கும். பிரஷ்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ரொம்பச் சின்ன நம்பர் வாங்காதீங்க, அதுல பெயிண்ட் நிக்கவே நிக்காது, 1 இல்ல 0 சைஸ், நுனி கூரா இருக்கணும், அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்பிரே பிரைமர் அடிச்சதும் மினி மேல மாவு தூவின மாதிரி சொரசொரன்னு ஆயிடுச்சு. (நாகர்கோவில்)

காத்துல ஈரம். மழைக்காலத்துல, கடலோரத்துல இது நடக்கும், எனக்கும் ஒரு ஐப்பசி மாசம் எட்டு மினி ஒரே நாள்ல இப்படிப் போச்சு. ரொம்ப வெயில்ல, தூரத்துல இருந்து அடிச்சாலும் பெயிண்ட் வழியிலேயே காஞ்சு மாவா விழும். காலை பத்து பதினோரு மணிக்கு, கேனை நல்லா குலுக்கி, ஒரு அடி தள்ளி, சின்னச் சின்னதா வீசி அடிங்க. மழை விடலைன்னா பிரஷ்ஷால பூசுற பிரைமருக்கு மாறிடுங்க. இன்னொண்ணு, போன்ஸ் மாதிரி மெத்து பிளாஸ்டிக்ல சில ஸ்பிரே காயாம பிசுபிசுன்னே நிக்கும், அதுக்கும் பிரஷ் பிரைமர்தான் பாதுகாப்பு. எதுவா இருந்தாலும் முதல்ல சோப்புத் தண்ணியில பழைய டூத் பிரஷ் வச்சு கழுவிக் காய வைங்க, அச்சுல இருந்து வந்த எண்ணெய்ப் பசை மேல எந்த பெயிண்ட்டும் ஒட்டாது.

கேள்வி: 3டி பிரிண்டர் வாங்கலாம்னு இருக்கோம். ஃபிளாட்ல ரெண்டு ரூம், சின்னப் பாப்பா இருக்கு. ரெசின்தான் நல்லா வரும்னு சொல்றாங்க. (பெங்களூர்)

மினிக்கு ரெசின்தான், அதாவது யூவி லைட் பட்டா இறுகுற திரவம்தான், நல்லா வரும், உண்மை. 0.05 எம்எம் அடுக்கா வர்றதால முகம், விரல் எல்லாம் தெளிவா இருக்கும், கம்பி உருக்கி ஊத்துற பிரிண்டர்ல வழக்கமா 0.4 எம்எம் நாசில், அதுல வாள் கம்பு எல்லாம் மொத்தையா வரும், பிரிண்ட் ஆகுறப்போ தாங்கிப் பிடிக்கிற சப்போர்ட்டை எடுக்குறப்போ உடையும். 0.2 நாசில் போட்டா பரவாயில்ல, மேப்புக்கு சுவர், கதவு, வீடு இதெல்லாம் அதுல பிரமாதமா வரும்.

ஆனா உங்க வீட்டுக்கு ரெசின் வேண்டாம்னு நான் நேராவே சொல்றேன்மா. காயாத ரெசின் தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள் அலர்ஜியா மாறும், மாறினா திரும்பாது. வாசனை மட்டும் இல்ல, பிரிண்ட் எடுத்ததும் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால்ல கழுவணும், அது தீப்பிடிக்கிற சரக்கு, கழுவுன தண்ணியை சிங்க்ல ஊத்தக் கூடாது, வெயில்ல வச்சு உள்ள இருக்கிற ரெசினைக் கெட்டியாக்கித்தான் அப்புறப்படுத்தணும், நைட்ரைல் கிளவுஸ் இல்லாம எதையும் தொடக்கூடாது. தனி ரூம், நல்ல காத்தோட்டம், பூட்டுற கதவு இருக்கிறவங்களுக்கானது அது. நீங்க ஃபைலை வாங்கி, பிரிண்ட் போட்டுத் தர்றவங்ககிட்ட கொடுத்து, நல்லா கழுவி யூவி லைட்ல காய வச்ச பிரிண்டா வாங்கிக்குங்க, அது தொடலாம். மைமினிஃபேக்டரி மாதிரி இடங்கள்ல ஆயிரக்கணக்குல ஃபைல் இருக்கு, இலவசமும் உண்டு, ஆனா செஞ்ச கலைஞர் என்ன லைசென்ஸ் போட்டிருக்காருன்னு படிச்சுட்டுக் கொடுங்க, சில பேர் கடையில பிரிண்ட் போட அனுமதிக்கிறது இல்ல.

கேள்வி: அமெரிக்காவுல இருந்து ஆர்டர் பண்ணா கஸ்டம்ஸ்ல எவ்வளவு போகும்? (சென்னை)

பொம்மைன்னு வகைப்படுத்திட்டா வலிக்கும். 2020ல அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70. அதோட 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதனால பார்சல் மாட்டிக்கிறதும் உண்டு. நான் ஃபைல் வாங்கி இங்க பிரிண்ட் போடுறதுக்கு மாறினதுக்கு இதுதான் முதல் காரணம்.

கேள்வி: நான் ஸ்கூல் டீச்சர். சாயங்காலம் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரு கேம் நடத்துறேன், பதினோரு பேர். மினிக்கெல்லாம் பணம் இல்ல. இல்லாம விளையாடுனா பிள்ளைங்க ஏமாந்துடுவாங்களா? (விழுப்புரம்)

டீச்சர், 1974ல வந்த முதல் டி அண்ட் டி பெட்டியோட அட்டையிலேயே பேப்பர், பென்சில், மினியேச்சர் உருவங்கள்னு போட்டிருந்தாலும், உள்ள மினி கட்டாயம் இல்லைன்னுதான் எழுதியிருந்தாங்க. அதைவிட ஒரு விஷயம் சொல்றேன், உங்க பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க. அந்த கேமை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸுக்கு அரக்கர்கள் வேணும், அப்போ அந்த மாதிரி மினி கடையில கிடையாது, அதனால ஹாங்காங்ல செஞ்ச மலிவு பிளாஸ்டிக் விலங்குப் பொம்மை ஒரு பை வாங்கினார், எந்த விலங்குன்னே சொல்ல முடியாத விசித்திரமான உருவங்கள். அதைப் பார்த்துதான் இரும்பைத் துருவாக்கித் தின்னுற ரஸ்ட் மான்ஸ்டர், மண்ணுக்குள்ள நீந்தி வர்ற புலெட், ஆந்தைத் தலை கரடி உடம்பு அவுல்பேர் எல்லாம் பிறந்துச்சு, அம்பது வருஷம் ஆகியும் இன்னைக்கும் எல்லாரும் அதுங்ககிட்ட அடி வாங்குறாங்க.

அதனால திருவிழாக் கடையில ஒரு பை டைனோசர் வாங்குங்க. பிள்ளைங்களுக்கு கல்யாணப் பத்திரிகை அட்டை கொடுத்து, ரெண்டு இஞ்ச் உயரத்துல அவங்கவங்க கேரக்டரை முன்பக்கம் பின்பக்கம் வரையச் சொல்லி, சோடா மூடியில எம்-சீல் வச்சு சொருகுங்க. மூடி ஒரு இஞ்சை விட கொஞ்சம் பெருசு, அதனால மேப்ல கட்டத்தை ஒண்ணேகால் இஞ்சா வரைஞ்சுக்குங்க. எம்-சீலை மட்டும் நீங்க பிசைங்க, பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க. பின்பக்கம் வரையச் சொல்றது முக்கியம், பையில என்ன இருக்கு, முதுகுல என்ன கட்டியிருக்கான்னு யோசிக்கிறப்போதான் கேரக்டர் நிறைய பிள்ளைங்களுக்குப் புடிபடும்.

கேள்வி: ரெண்டு வருஷம் ஆடின கேரக்டர் போன வாரம் செத்துட்டா. நான் முதமுதல்ல பெயிண்ட் பண்ண மினி அவ. மேஜைல வைக்கவும் மனசு வரல, பெட்டியில போடவும் மனசு வரல. (டொராண்டோ)

உங்க வருத்தம் புரியுதுமா. பெயிண்டை அழிச்சு வேற ஆளுக்கு மட்டும் மாத்திடாதீங்க, முதல் மினியோட தப்பு தடவல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். என் குரூப்ல ஒருத்தர் பண்ணதைச் சொல்றேன். செத்துப்போன அவரோட ரேஞ்சரை, அதாவது வில்லாளி மினியை, பேஸ்ல இருந்து மெதுவா பெயர்த்து, கொஞ்சம் பெரிய பேஸ்ல, கடைசியா விழுந்த இடம் ஒரு ஆத்தோரம்ங்கிறதால சலிச்ச மணலும் ரெண்டு கூழாங்கல்லும் ஒட்டி, அதுல நிக்க வச்சார். அவளோட வில்லை மட்டும் கவனமா வெட்டி எடுத்து, அடுத்து அவர் ஆட ஆரம்பிச்ச கேரக்டரோட முதுகுல கட்டிவிட்டார். டன்ஜன் மாஸ்டர் அதைப் பார்த்துட்டு, இந்த வில்லு உனக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டாங்க, அன்னைக்கு ராத்திரி மூணு மணி நேரம் அந்தக் கதையேதான் ஓடுச்சு.